டைவிங் வாட்சின் பட்டனைத் தண்ணீருக்குள் அழுத்தலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குரோனோகிராஃப் எனப்படும் ஸ்டாப்வாட்ச் வசதி உள்ள டைவிங் வாட்சுகளில், நேரத்தைத் திருப்பி வைக்கும் சாவிக்கு மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக இரண்டு பட்டன்கள் இருக்கும். வாட்சுக்குள் தண்ணீர் போக எத்தனையோ வழி உண்டு. ஆனாலும் நல்ல வாட்சுகள் பலவும் பாழாவது இந்தப் பட்டன் வழியாகத்தான். பெட்டியோடு வரும் கையேட்டில் ஒரு வரியில் இதைச் சொல்லியிருப்பார்கள், யாரும் படிப்பதில்லை. புதிதாக வாட்ச் வாங்கியவர்களும் ஸ்கூபா பழகத் தொடங்கியவர்களும் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளை இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

என் வாட்சில் 200 மீட்டர் என்று போட்டிருக்கிறது. தண்ணீருக்குள் பட்டனை அழுத்தலாமா?

கையேட்டில் "தண்ணீருக்குள் இயக்கலாம்" என்று தெளிவாக எழுதியிருந்தால் அழுத்தலாம். அப்படி எழுதவில்லை என்றால் அழுத்தக் கூடாது. டயலில் உள்ள எண்ணை வைத்து இதை முடிவு செய்யவே முடியாது. பட்டன் அசையாமல் இருக்கும்போது வாட்ச் எவ்வளவு அழுத்தம் தாங்கும் என்பதற்கான எண் அது. 200 மீட்டர் என்று பொறித்த வாட்சுகளிலேயே, ஈரமாக இருக்கும்போது பட்டனைத் தொடாதீர்கள் என்று கையேட்டில் எழுதியவை நிறைய. 100 மீட்டர் மட்டுமே தாங்கும் ஒரு வாட்சில் பட்டனை அழுத்த அனுமதி இருக்கவும் கூடும். இரண்டும் தனித்தனி விஷயம்.

சும்மா இருக்கும்போது தாங்குகிற வாட்ச், அழுத்தினால் மட்டும் ஏன் தாங்காது?

ஒரு பட்டனைக் கழற்றிப் பார்த்தால் இது புரிந்துவிடும். வெளியே விரல் படும் தலை, அதிலிருந்து உள்ளே போகும் மெல்லிய தண்டு, தண்டைச் சுற்றி ஒரு ஸ்பிரிங், தண்டின் பள்ளத்திலோ அது நுழையும் குழாயிலோ உட்கார்ந்திருக்கும் ஒன்றிரண்டு ரப்பர் வளையங்கள். தண்டு வெளியே வந்துவிடாதபடி உட்பக்கத்தில் ஒரு சின்னக் கிளிப். அவ்வளவுதான். கடைக்காரர் வாஷர் என்றோ ஓ-ரிங் என்றோ சொல்லும் அந்த ரப்பர் வளையம்தான் கடலுக்கும் இயந்திரத்துக்கும் நடுவே இருக்கும் ஒரே தடுப்பு.

தண்டு அசையாத வரை இந்த வளையம் மிக நன்றாக வேலை செய்யும். வெளியே அழுத்தம் கூடக் கூட, தண்ணீரே ரப்பரை இடுக்கை நோக்கித் தள்ளி இன்னும் இறுக்கமாக உட்கார வைக்கும். பின்மூடியில் உள்ள வளையத்துக்கு வாழ்நாள் முழுக்க இந்த வேலை மட்டும்தான்.

பட்டனின் நிலைமை அப்படியில்லை. அழுத்தும்போது தண்டு வளையத்தின் ஊடே வழுக்கி உள்ளே போகிறது. சற்று முன்புவரை வெளியே நனைந்துகொண்டிருந்த தண்டின் பகுதி, மேலே ஒட்டிய மெல்லிய நீர்ப்படலத்தோடு வளையத்தைக் கடக்கிறது. வளையம் புதியதாக, போதுமான கிரீஸோடு இருந்தால் அந்தப் படலத்தை வழித்து வெளியிலேயே நிறுத்திவிடும். காய்ந்துபோன வளையம் தண்டோடு சேர்ந்து முறுக்கிக்கொள்ளும். ஒரு மணல் துகள் இடையில் மாட்டினால் ரப்பரில் கீறல் விழும். அதன் பிறகு அழுத்தாமல் இருந்தாலும் அங்கே கசியும்.

இன்னொன்றும் உண்டு. விரலை எடுத்ததும் பட்டன் வெளியே வர வேண்டும். ஆழத்தில் தண்ணீரின் அழுத்தத்தையும் ரப்பரின் உராய்வையும் எதிர்த்து ஸ்பிரிங் அதைத் தள்ள வேண்டும். ஸ்பிரிங் தோற்றால் பட்டன் உள்ளேயே நின்றுவிடும். அழுத்தத்தைத் தாங்குமாறு அமைத்த நிலையில் வளையமும் தண்டும் அப்போது இருப்பதில்லை.

நான் போகப்போவது 18 மீட்டர்தான். 200 மீட்டர் வாட்சுக்கு அது ஒன்றுமே இல்லையே?

பாண்டிச்சேரியிலோ திருகோணமலையிலோ பயிற்சி எடுப்பவர்கள் இதைத்தான் முதலில் கேட்பார்கள். தொடக்கநிலைச் சான்றிதழுக்கு வழக்கமான எல்லை 18 மீட்டர். ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஏறத்தாழ 1 பார் அழுத்தம் கூடும். எனவே அங்கே வாட்சின் மேல் கூடுதலாக விழுவது 1.8 பார்தான். நல்ல நிலையில் உள்ள வாட்சில் ஒரு முறை தெரியாமல் அழுத்தினால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது.

ஆனால் வளையம் இப்போது என்ன நிலையில் இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியாது. கசிவு ஆழத்தில் மட்டும் நடப்பதும் இல்லை. ஆழம் குறைவாக இருக்கும்போது ரப்பரை இறுக்கி உட்கார வைக்கப் போதுமான அழுத்தம் இருக்காது. அதனால் 50 மீட்டரில் கசியாத வாட்ச் அரை மீட்டரில் கசிந்த கதைகள் உண்டு. "ஆழம் கம்மி, அதனால் அழுத்தலாம்" என்ற கணக்கை விட்டுவிடுங்கள்.

ஆழத்தில் தண்ணீரே பட்டனை அழுத்திவிடுமா?

அழுத்தப் பார்க்கும். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 100 மீட்டர் ஆழத்தில் கூடுதல் அழுத்தம் சுமார் 10 பார், அதாவது ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 1 நியூட்டன். வளையம் 2 மில்லிமீட்டர் விட்டமுள்ள தண்டின் மேல் உட்கார்ந்திருந்தால், அதன் பரப்பு சுமார் 3 சதுர மில்லிமீட்டர். பட்டன் மேல் விழும் விசை 3 நியூட்டன், ஏறக்குறைய 300 கிராம் எடை வைத்த மாதிரி. சாதாரண ஸ்பிரிங்கே சமாளித்துவிடும்.

அதே வளையம் 5 மில்லிமீட்டர் விட்டமுள்ள தலையைச் சுற்றி இருந்தால் பரப்பு கிட்டத்தட்ட 20 சதுர மில்லிமீட்டர் ஆகிவிடும். 100 மீட்டரில் 2 கிலோ, 300 மீட்டரில் 6 கிலோ. இதைத் தாங்கும் ஸ்பிரிங் போட்டால் கரையில் நின்று விரலால் அழுத்தவே முடியாது. போடாவிட்டால் ஆழத்தில் ஸ்டாப்வாட்ச் தானாக ஓடத் தொடங்கும்.

தண்ணீருக்குள் அழுத்தக்கூடிய பட்டனை வடிவமைப்பதில் உள்ள சிக்கல் முழுக்க இந்த இரண்டு பத்திகளுக்குள் இருக்கிறது. தண்டை மெலிதாக்க வேண்டும், ஆனால் வளைந்துவிடக் கூடாது. வளையம் இறுக்கமாக இருக்க வேண்டும், ஆனால் பட்டன் சிக்கிக்கொள்ளக் கூடாது. வெளியே பெரிய தலை தெரிவதை வைத்து உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது.

கையை வேகமாக வீசி நீந்தினால் அழுத்தம் பல மடங்காகும் என்கிறார்களே?

ரொம்ப நாளாகச் சுற்றும் தவறான நம்பிக்கை இது. நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் கை தண்ணீரைக் கிழித்துப் போனால்கூட, அதனால் கூடும் அழுத்தம் 0.125 பார்தான். ஒன்றேகால் மீட்டர் ஆழம் கூடப் போனதற்குச் சமம். நீந்தும்போது பட்டனுக்கு உண்மையான ஆபத்து வேறு இடத்திலிருந்து வருகிறது: மணிக்கட்டை மடக்கும்போது புறங்கை பட்டனை அழுத்துவது, வெட்சூட் என்ற டைவிங் உடையின் கையோ ஜாக்கெட் பட்டையோ அதில் மாட்டி இழுப்பது. இதைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை.

ஐ.எஸ்.ஓ. 6425 தரம் பெற்ற வாட்ச் என்றால் பட்டனையும் சோதித்திருப்பார்கள் அல்லவா?

சோதிக்கிறார்கள், ஆனால் நீங்கள் நினைக்கும் விதத்தில் இல்லை. டைவிங் வாட்சுகளுக்கான இந்தத் தரம் குறைந்தது 100 மீட்டர் கேட்கிறது. குறிப்பிட்ட ஆழத்தைவிடக் கால் பங்கு அதிக அழுத்தத்தில் வாட்சை 2 மணி நேரம் வைக்கிறார்கள். 200 மீட்டர் வாட்ச் என்றால் 25 பார். அப்புறம் அழுத்தத்தை 0.3 பாருக்குக் குறைத்து இன்னும் ஒரு மணி நேரம் வைக்கிறார்கள். ஆழம் குறைந்த இடத்தில் ரப்பர் தளர்ந்து கசியுமா என்று பார்க்கத்தான் இந்த இரண்டாவது கட்டம். சூடான நீர், குளிர்ந்த நீர், மறுபடி சூடான நீர் என்று மாற்றி மாற்றி முக்குவதும், உப்புக் கரைசலில் ஊற வைப்பதும் உண்டு.

சாவிக்கும் பட்டனுக்கும் தனியாக ஒரு சோதனை இருக்கிறது. அதே மிகை அழுத்தத்தில் 10 நிமிடம், பக்கவாட்டில் 5 நியூட்டன் விசை கொடுத்துத் தள்ளுகிறார்கள். பக்கவாட்டில் விசை பட்டால் கசியுமா என்பதற்கான சோதனை இது. பட்டனை உள்ளே அழுத்தி அழுத்தி எடுக்கும் சோதனை அல்ல. எனவே டயலில் "டைவர்ஸ்" என்ற சொல் இருந்தாலும் கையேட்டைப் பார்த்தே ஆக வேண்டும்.

"வாட்டர் ரெசிஸ்டன்ட்" என்று மட்டும் போட்ட சாதாரண வாட்சுகளுக்கு ஐ.எஸ்.ஓ. 22810 என்ற வேறு தரம். அதில் மாதிரிக்குச் சிலவற்றை எடுத்துச் சோதித்தால் போதும். 6425-இன்படியோ ஒவ்வொரு வாட்சையும் சோதிக்க வேண்டும்.

திருகிப் பூட்டும் பட்டன் இருந்தால் பயமில்லையா?

பூட்டியிருக்கும்வரை பயமில்லை. 1960-களின் நடுவில் ரோலெக்ஸ் டேட்டோனாவில் வந்த 6240 மாடலிலிருந்து இந்த அமைப்பு பிரபலமானது. பட்டனைச் சுற்றியுள்ள திருகை இறுக்கிவிட்டால் பட்டனை அழுத்தவே முடியாது. தவறி அழுத்துவதைத் தடுப்பதுதான் இதன் முதல் வேலை. இப்போதைய டேட்டோனாவின் 100 மீட்டர் உத்தரவாதமும் சாவியையும் பட்டன்களையும் திருகி மூடியிருந்தால்தான் செல்லும்.

தண்ணீருக்குள் திருகைத் தளர்த்தினால் பாதுகாப்பு அங்கேயே போய்விடும். "திருகு பட்டன் இருக்கிறது, அதனால் ஆழத்தில் ஸ்டாப்வாட்ச் பயன்படுத்தலாம்" என்று விற்பனையாளர் சொன்னால் நம்பாதீர்கள். நேர்மாறான அர்த்தம்தான் அதற்கு. படகில் ஏறும் முன்பே இரண்டு திருகும் இறுகியிருக்கின்றனவா என்று விரலால் தடவிப் பாருங்கள். மரையில் மணல் இருந்தால் பாதியில் நின்று, இறுகிவிட்டது போலவே தோன்றும்.

தண்ணீருக்குள் அழுத்தலாம் என்று நிறுவனமே சொல்லும் வாட்சுகள் உண்டா?

உண்டு. 1990-களில் வந்த ஒமேகா சீமாஸ்டர் 300 மீட்டர் குரோனோகிராஃப் அதற்குப் பேர் போனது. அந்த வரிசையில் பட்டன்களை ஆழத்திலும் இயக்கலாம் என்பதையே ஒமேகா தன் பெருமையாகச் சொல்லி வருகிறது. ஜெர்மனியின் சின் நிறுவனம் டி3 என்ற அமைப்பை வைத்திருக்கிறது. வழக்கமாகப் பட்டனுக்கென்று தனிக் குழாய் ஒன்றை வாட்சின் வெளிக் கூட்டில் பொருத்துவார்கள். அந்தக் குழாயும் கூடும் சேரும் இடம் இன்னொரு கசிவு வாய்ப்பு. டி3-யில் குழாய் கிடையாது, தண்டு நேரே கூட்டின் துளையிலேயே வளையத்தோடு ஓடும். 1000 மீட்டர் தாங்கும் யு1000 குரோனோகிராஃபில் இது இருக்கிறது.

எனக்கு இவற்றில் மிகவும் பிடித்தது பிரைட்லிங் செய்தது. அவெஞ்சர் சீவுல்ஃப் குரோனோகிராஃபில் பட்டனுக்காகக் கூட்டில் துளையே போடவில்லை. பட்டனில் காந்தம் இருக்கிறது. அழுத்தும்போது அதன் காந்தப்புலத்தை உலோகச் சுவருக்கு உட்பக்கம் உள்ள, பேட்டரியில் ஓடும் குவார்ட்ஸ் இயந்திரம் உணர்ந்துகொள்கிறது. துளை இல்லாத இடத்தில் வளையம் தேயுமா என்ற கேள்வியே எழாது. 1000 மீட்டர் வரை அழுத்தலாம் என்று அவர்களால் சொல்ல முடிந்தது இதனால்தான். ஸ்பிரிங்கால் ஓடும் இயந்திர வாட்சில் இதைச் செய்ய முடியாது. அங்கே நெம்புகோலை ஏதாவது ஒன்று நேரடியாகத் தள்ளியாக வேண்டும்.

டைவ் கம்ப்யூட்டரிலும் ஸ்மார்ட்வாட்சிலும் தண்ணீருக்குள்தானே பட்டனை அழுத்துகிறார்கள்?

ஆமாம், அவை அதற்கென்றே செய்யப்பட்டவை. ஷியர்வாட்டர் பெர்டிக்ஸ் என்ற டைவ் கம்ப்யூட்டரில் இருப்பவை பீசோ பட்டன்கள். உலோகப் பரப்பு கண்ணுக்குத் தெரியாத அளவு வளைந்தாலே மின்சைகை கிடைத்துவிடும், அசையும் தண்டு எதுவும் கிடையாது. கார்மின் டிசென்ட் எம்கே3 டைவிங் ஸ்மார்ட்வாட்ச் (2023), அழுத்துவதை மின்காந்த முறையில் உணரும் தூண்டல் பட்டன்களோடு 200 மீட்டருக்கு வந்தது. 2022-இல் வந்த ஆப்பிள் வாட்ச் அல்ட்ரா 100 மீட்டர் தாங்கும் என்று போட்டிருந்தாலும், டைவிங்குக்கு 40 மீட்டர் வரைதான் என்று ஆப்பிள் சொல்கிறது. இங்கேயும் பெட்டியில் உள்ள எண் ஒன்று, பயன்படுத்த அனுமதித்த ஆழம் வேறொன்று.

பட்டனைத் தொடக் கூடாது என்றால் ஆழத்தில் நேரத்தை எப்படி அளப்பது?

கண்ணாடியைச் சுற்றியுள்ள சுழலும் வளையத்தால். இறங்கும்போது அதன் முக்கோணக் குறியை நிமிட முள்ளுக்கு நேரே திருப்பி வைத்தால், எத்தனை நிமிடம் ஆயிற்று என்பதைப் பார்த்த மாத்திரத்தில் படிக்கலாம். இந்த வளையம் கூட்டுக்கு வெளியே சுற்றுகிறது, உள்ளே போகும் எதுவும் அதில் இல்லை. 1953-இல் பிளாங்பெய்ன் ஃபிஃப்டி ஃபாதம்ஸும் ரோலெக்ஸ் சப்மரைனரும் இந்த வழியைத்தான் பிடித்தன. இன்றுவரை அதைவிட நம்பகமான ஏற்பாடு வரவில்லை என்பது என் கருத்து. தெரியாமல் இடித்துத் திரும்பினாலும் மீதி நேரம் குறைவாகக் காட்டும்படி ஒரே திசையில் மட்டும் சுற்றும். மேலே வரும்போது 5 மீட்டரில் நிற்கும் 3 நிமிடப் பாதுகாப்பு நிறுத்தத்துக்கும் இதுவே போதும்.

ஸ்டாப்வாட்ச்தான் வேண்டும் என்றால் குதிக்கும் முன் படகிலேயே அழுத்தி ஓடவிட்டு, திருகு பட்டனாக இருந்தால் பூட்டிவிட்டு இறங்குங்கள்.

பக்கத்தில் இருக்கும் ஹீலியம் வால்வும் பட்டன் போலத்தானே இருக்கிறது?

சில வாட்சுகளில் பார்க்க அப்படித்தான் இருக்கும். ஹீலியம் கலந்த காற்றுள்ள அழுத்த அறைகளில் நாள்கணக்கில் தங்கி வேலை செய்பவர்களுக்கானது அது. உள்ளே புகுந்த வாயு, அழுத்தம் குறையும்போது வெளியேறுவதற்காக வைத்தது. நமக்கு அதில் வேலையே இல்லை. கையால் திருகும் வகை என்றால் மூடியே வையுங்கள்.

குளியலறையில், நீச்சல்குளத்தில்?

குளத்தில் போடலாம், பட்டனைத் தொடாதீர்கள். வெந்நீர்க் குளியலிலும் ஸ்டீம் அறையிலும் கழற்றி வைப்பது நல்லது. உலோகமும் ரப்பரும் சூட்டில் ஒரே அளவு விரிவதில்லை. நீராவி, தண்ணீர் போக முடியாத இடுக்கிலும் நுழையும். சோப்பு நுரை வளையத்தில் உள்ள கிரீஸை மெல்ல மெல்லக் கரைத்துவிடும்.

கடலிலிருந்து வந்ததும் என்ன செய்ய வேண்டும்?

நல்ல தண்ணீரில் ஊற வைத்துக் கழுவுங்கள். உப்பு காய்வதற்கு முன் செய்ய வேண்டும். காய்ந்த உப்பு படிகமாகிப் பட்டன் தலைக்கும் குழாய்க்கும் நடுவே உட்கார்ந்தால் அரம் போல அறுக்கும். தண்ணீருக்குள் இயக்கலாம் என்று அனுமதித்த பட்டனை மட்டும் ஊறும்போதே சில முறை அழுத்தி விடுங்கள், உள்ளே நின்ற உப்பு வெளியேறும். மற்ற வாட்சுகளை அழுத்தாமல் ஊற வைத்து, நன்றாகத் துடைத்து, காய்ந்த பிறகு ஒரு முறை அழுத்திப் பாருங்கள். முன்பைவிடப் பிசுபிசுப்பாக, மெதுவாக வெளியே வந்தால் அடுத்த முறை கடலுக்கு அதைக் கொண்டுபோகாதீர்கள்.

வளையங்களை எப்போது மாற்றுவது?

அடிக்கடி டைவ் போகிறவர் ஆண்டுக்கு ஒரு முறை கசிவுச் சோதனை செய்துவிட வேண்டும். ரப்பர் பயன்படுத்தாமல் இருந்தாலும் கெட்டியாகும். சில ஆண்டுகளுக்கு ஒரு முறை மாற்றுவதுதான் முறை.

இதில் பலர் ஏமாறுவது பேட்டரி மாற்றும்போது. "வாஷர் மாத்தியாச்சு" என்று கடையில் சொல்வது பெரும்பாலும் பின்மூடியின் வளையத்தைத்தான். பட்டனின் வளையத்தை மாற்ற இயந்திரத்தை வெளியே எடுத்து, உட்பக்கத்தில் உள்ள தூசி அளவு கிளிப்பைக் கழற்றி, பட்டனை வெளியே இழுக்க வேண்டும். பத்து நிமிட வேலையில் இது நடக்காது. கழற்றியதைக் காட்டச் சொல்லிப் பாருங்கள். பல ஆண்டு போட்ட வாட்ச் என்றால் தண்டைச் சுற்றி வியர்வையும் சோப்பும் உப்பும் சேர்ந்த பச்சை கலந்த சாம்பல் நிறப் பசை அப்பியிருக்கும். வளையம் வட்டமாக இல்லாமல் ஒரு பக்கம் தட்டையாகியிருக்கும். வெளியிலிருந்து எவ்வளவு கழுவினாலும் அந்தப் பசை போகாது.

வீட்டில் எண்ணெய் விட வேண்டாம். தேங்காய் எண்ணெய் தூசியைப் பிடித்து வைக்கும். வாசலின் சில வகை ரப்பரை ஊத வைத்துவிடும். வாட்சுக்கான சிலிக்கான் கிரீஸ்தான் சரி, அதுவும் ஒரு பூச்சு அளவுக்கு.

கசிகிறதா என்று எப்படிச் சோதிப்பார்கள்?

இரண்டு வழி. ஒன்று, காற்றழுத்தத்தில் வைத்துக் கூடு எவ்வளவு நெளிகிறது, நெளிந்தபடியே நிற்கிறதா பழைய வடிவுக்குத் திரும்புகிறதா என்று கருவியால் அளப்பது. தண்ணீரே படாது. இன்னொன்று தண்ணீர்ச் சோதனை: வாட்சைத் தண்ணீருக்கு மேலே தொங்கவிட்டு காற்றழுத்தம் ஏற்றி, பிறகு தண்ணீரில் இறக்கி அழுத்தத்தைக் குறைப்பார்கள். முன்பே உள்ளே புகுந்த காற்று கசியும் இடத்திலிருந்து குமிழியாக வெளியே வரும். பஞ்சர் கடையில் ட்யூபைத் தொட்டியில் அமுக்கிப் பார்ப்பது மாதிரிதான். ஒரே ஒரு குமிழி ஒட்டிக்கொண்டிருந்தால் அது வெளிப்புறத்தில் தங்கிய காற்றாக இருக்கலாம். பட்டனின் அடியிலிருந்து வரிசையாக நூல் பிடித்தாற்போல் வந்தால் அங்கே ஓட்டை இருக்கிறது. குமிழியைக் கண்டதும் வாட்சை உடனே தண்ணீரை விட்டு மேலே தூக்கிவிட வேண்டும், இல்லையென்றால் காற்று வெளியேறிய இடத்தில் தண்ணீர் உள்ளே போகும்.

இந்தச் சோதனைகளிலும் பட்டன் அசையாமல்தான் இருக்கிறது என்பதை மறக்க வேண்டாம்.

தவறி அழுத்திவிட்டேன், இப்போது கண்ணாடிக்குள் பனி தெரிகிறது. என்ன செய்வது?

மறுபடி பட்டனை அழுத்திப் பார்க்காதீர்கள், அதே வழியில் இன்னும் கொஞ்சம் உள்ளே போகும். முதலில் வாட்சை நல்ல தண்ணீரில் கழுவித் துடையுங்கள். அரிசிப் பானைக்குள் புதைக்க வேண்டாம். மூடிய கூட்டுக்குள் இருக்கும் ஈரத்தை அரிசியால் இழுக்க முடியாது, அதன் மாவுத்தூள்தான் பட்டன் இடுக்கில் போய்ச் சேரும். வெயிலில் வைப்பதும் ஹேர் டிரையர் பிடிப்பதும் உள்ளே உள்ள தண்ணீரை ஆவியாக்கி இயந்திரம் முழுக்கப் பரப்பும்.

போனது நல்ல தண்ணீராக இருந்தால் ஓரிரு நாள் தாங்கும். கடல்நீர் என்றால் அன்றே திறக்க வேண்டும். உப்புத் தண்ணீரும் பேட்டரியும் சேர்ந்தால் செம்புத் தடங்களை அரிப்பது மணிக்கணக்கில் தொடங்கிவிடும், எனவே குவார்ட்ஸ் வாட்சில் முதல் வேலை பேட்டரியை எடுப்பது. ஊரில் உடனே திறக்கக்கூடிய கடை இருந்தால், பெயர் பெற்ற சர்வீஸ் சென்டருக்குக் கூரியரில் அனுப்பி ஒரு வாரம் காத்திருப்பதைவிட அங்கே பின்மூடியைக் கழற்றி உலர்த்திவிட்டு அனுப்புவது மேல். கொடுக்கும்போது "தண்ணீர் போய்விட்டது" என்று மட்டும் சொல்லாமல், எந்தப் பட்டனை, கடலிலா குளத்திலா, எப்போது அழுத்தினீர்கள் என்பதையும் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். அந்தப் பட்டனைத்தான் அவர் முதலில் கழற்ற வேண்டியிருக்கும்.